மெகராஜ் பேகத்தின் எடைக் கட்டம்

நிற்க இடமில்லாத காலை பஸ்ஸில் யாராவது ஒரு தாய் கைக்குழந்தையை நீட்டினால், உட்கார்ந்திருக்கிற மெகராஜ் பேகம் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைப்பதற்கு முன் ஒரு சாண் மேலே தூக்குகிறார், ஒரு சாண் கீழே இறக்குகிறார். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, "எட்டே முக்கால் இருப்பான்" என்கிறார்.

தாய்க்குச் சுருக்கென்கிறது. பெற்ற பிள்ளையின் எடையை நாலு பேர் காதுபடச் சொன்னால் கண்பட்டுவிடும் என்பதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் உள்ள எந்தத் தாய்க்கும் மாற்றுக் கருத்துக் கிடையாது. "அம்புட்டெல்லாம் இல்லக்கா. காய்ச்சல்ல கெடந்து இப்பத்தான் தேறி வாரான்" என்று பிள்ளையை வெடுக்கென்று திருப்பி வாங்கிக்கொள்வார்கள். நாலைந்து முறை இப்படி ஆன பிறகு பேகம் தனக்குள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். இப்போதெல்லாம் கைக்குத் தெரிந்த எடையில் அரைக் கிலோவைக் குறைத்துத்தான் வெளியே சொல்கிறார். தெரிந்தே அவர் தப்பாகச் சொல்கிற எடை இது ஒன்றுதான்.

ராஜபாளையத்தில் இறங்கும்போது படிக்கட்டில் ஒரு கணம் நின்று முன்பக்கம் பார்த்து, "டிரைவரண்ணே, நல்லபடியாக் கொண்டாந்து சேத்தீக. அல்லா உங்களுக்கு நல்லதச் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இவ்வளவு பெரிய நன்றியா என்று அந்த டிரைவர் முதலில் சந்தேகப்பட்டார். வண்டியை மெதுவாக ஓட்டியதைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து ஒரு வாரம் முறைத்துக்கொண்டே இருந்தார். இப்போது பழகிவிட்டது. பேகம் வராத நாளில், "இன்னைக்கு அந்தம்மா வரலையே, வண்டி ஒழுங்காப் போய்ச் சேரணும்" என்று கண்டக்டரிடம் சொல்லுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

வயது முப்பத்தாறு. ஒல்லியான உடம்பு. மெல்லிய பருத்திப் புடவையின் முந்தானையைத் தலைக்கு இழுத்து, காதுக்குப் பக்கத்தில் ஒரு பின் குத்தியிருப்பார். அதற்குக் கீழே, புடவைக்குச் சற்றும் பொருந்தாமல், ஆண்கள் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சுருள் ஒன்று செருப்புக் காலில் ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த ஷூதான். கல்யாண வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டதாக அவருடைய கணவர் காதர் ஒரு புகார் வைத்திருக்கிறார். பேகம் அதை மறுக்கவில்லை.

பேகத்துக்கு வேலை, தென்காசி சாலையில் சுப்புராஜ் நடத்துகிற பட்டறையில். பஞ்சு மில்லுக்கு வேண்டிய உருப்படிகளும், பேண்டேஜ் துணியை அமுக்கிப் பொதி கட்டுகிற பிரஸ்களும் அங்கே செய்கிறார்கள். கீழே லேத்தும் வெல்டிங்கும். இரும்புப் படி ஏறி மேலே போனால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் பேகம். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்து பலகையில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தவர், தொண்ணூற்று நான்கில் கம்ப்யூட்டர் வந்ததும் கம்ப்யூட்டரில் வரைகிற 'கேட்' முறையை ஒரே மாதத்தில் படித்துக்கொண்டு அதற்கு மாறினார். காலையில் அந்தப் பெட்டி சண்டித்தனம் செய்யாமல் உயிர் பெற்றுவிட்டால், "அல்ஹம்துலில்லா" என்று அதன் தலையில் இரண்டு தட்டு. படம் வரைகிற பிளாட்டரின் பேனா பாதியில் காயாமல் முழுத்தாளையும் முடித்துவிட்டால் அதற்கும் ஒன்று. "மெஷினுக்கெல்லாம் நன்றி சொல்லுறீயேம்மா, சம்பளம் குடுக்கிற என்னைய மறந்துட்டியே" என்று சுப்புராஜ் கேலி செய்வார். "உங்களுக்குத் தொழுகையில சொல்லிருதேன் மொதலாளி" என்பார் பேகம்.

எடை பார்க்கிற கை அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அத்தா பிச்சை முகம்மதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய இரும்புக் கடை. பட்டறையில் பேகம் யாருடைய சாப்பாட்டுத் தூக்கை எடுத்து நகர்த்தி வைத்தாலும், "இன்னைக்குத் தயிர்ச்சோறா? கீழ் அடுக்கு கனக்குதே" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சரியாக இருந்தால் சாப்பாட்டுக்காரருக்குக் கூச்சமாக இருக்கும், அது வேறு விஷயம்.

அவர் வரைகிற படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கோடு வரைவார்கள். பேகம் திரையில் உருவத்தையே செய்கிறார். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் உள்ள, உள்ளே கெட்டியான உருவம். ஒரு கட்டளை அடித்தால் அந்த உருவம் எத்தனை கன சென்டிமீட்டர் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அதோடு அதன் அறிவு முடிந்தது. இரும்பா பஞ்சா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதை ஏழு புள்ளி எட்டு ஐந்தால் பெருக்கி உருக்கின் எடையாக்குவது பேகத்தின் கால்குலேட்டர். உருக்கு, வார்ப்பிரும்பு, பித்தளை, அலுமினியம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய எண் அவருடைய குண்டுக் கையெழுத்தில் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. வந்த எடையைத் தாளின் வலது மூலையில், உருப்படியின் பெயருக்குக் கீழே உள்ள கட்டத்தில் தட்டச்சு செய்வார்.

அந்தக் கட்டத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். யாரும் சொல்லவில்லை. "இது எம்புட்டு இருக்கும்க்கா?" என்று தினமும் யாராவது படியேறி வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்பவர்களில் முதல் ஆள் ராக்கப்பன். கனத்த உருப்படிகளை செயின் பிளாக்கில் மாட்டி, சங்கிலி இழுத்துத் தூக்கி, இடத்தில் பொருத்துகிற ஃபிட்டர். ஆங்கிலம் வாசிக்க வராது, எண் வாசிப்பார். கட்டம் வந்த பிறகு அவர் படியேறுவதை நிறுத்திக்கொண்டார். தாளை விரித்ததும் கண் நேராக அந்த மூலைக்குத்தான் போகும். பேகத்தைவிட அவர் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் பட்டறை முழுவதும் கூப்பிடுகிற மாதிரி அவரும் "டிராயிங்கக்கா" என்றுதான் கூப்பிடுவார். இவர் அவரை "அண்ணே" என்பார். இப்படி இருவரும் ஒருவருக்கொருவர் மூத்தவர்களாகக் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது பேகத்திடம் ஒரு பழக்கம் உண்டு. படத்தில் ஒரு துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கச் சொன்னாலும், துளையைத் தொடுவதற்கு முன் எடைக் கட்டத்தில் இருக்கிற எண்ணை அழித்துவிடுவார். கட்டம் வெறுமையாகக் கிடக்கும். எல்லா மாற்றமும் முடிந்து, கடைசி வேலையாகத்தான் புது எடை ஏறும். கட்டம் காலியாக இருக்கும்வரை தாள் வெளியே போகாது. லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் போகாது. இதற்குக் காரணம் இரண்டு வருஷத்துக்கு முன், தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆடி மாதத்தில் வந்த ஒரு வெள்ளிக்கிழமை.

செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கொட்டகைக்குப் பிரஸ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரஸ்ஸின் மேல்தட்டை அங்கே கொண்டுபோய்த் தூக்கிப் பொருத்த வேண்டும். கொட்டகை பழசு. குறுக்கே ஒரே ஒரு இரும்புக் கர்டர் போகிறது. அதில் அரை டன்னுக்கு மேல் தொங்கவிட வேண்டாம் என்று கட்டியவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேகம் அதை மனதில் வைத்துத்தான் தட்டைச் செய்தார். நாற்பது மில்லிமீட்டர் கனம், அடியில் தாங்கு சட்டங்கள். கணக்குப் போட்டால் அறுபத்தோராயிரம் கன சென்டிமீட்டர், நானூற்று எழுபத்தொன்பது கிலோ. கட்டத்தில் எழுதினார். எல்லோருக்கும் திருப்தி.

பிறகு ஒருநாள் சுப்புராஜ் மாடிக்கு வந்து, "பொதி நல்லா இறுகணுமாம். நாப்பதை எம்பதாக்கிரும்மா" என்றார். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம். பேகம் உட்கார்ந்து தட்டின் கனத்தை இரண்டு மடங்காக்கினார். அளவுகள் எல்லாம் தாமாகவே மாறிக்கொண்டன. தாளை அடித்துக் கீழே கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்துவிட்டார். எடைக் கட்டத்தை அவர் பார்க்கவில்லை. படத்துக்கும் அந்தக் கட்டத்தில் இருக்கிற எழுத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. உருவம் எவ்வளவு வளர்ந்தாலும், கையால் தட்டிய எண் தட்டியபடியே இருக்கும். நானூற்று எழுபத்தொன்பது அப்படியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து, அந்த வெள்ளிக்கிழமை காலை, இன்னொரு பிரதி எடுப்பதற்காக அதே படத்தைத் திறந்தார். பழக்கதோஷத்தில் கன அளவுக் கட்டளையையும் ஒருமுறை அடித்தார். ஒரு லட்சத்து நாலாயிரத்து இருநூறு என்றது திரை. முதலில் அவருக்குக் கம்ப்யூட்டர் மேல்தான் கோபம் வந்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் அதே எண். அப்புறம்தான் சுப்புராஜ் வந்து நின்ற சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. பெருக்கிப் பார்த்தார். எண்ணூற்றுப் பதினெட்டு கிலோ.

தட்டை அன்று காலையில்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு ராக்கப்பன் செட்டியார்பட்டிக்குப் போயிருந்தார்.

பேகம் படியிறங்கினாரா விழுந்தாரா என்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை. சுப்புராஜ் சிவகாசிக்குப் போயிருந்தார். அவருடைய மேஜையில் இருந்த டெலிபோனில் செட்டியார்பட்டி எண்ணைச் சுழற்றினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் சுழற்றினார். மறுபடியும் ஓய்ந்தது. அந்தக் கொட்டகை முதலாளி வெளியே போயிருந்தார். அவர் அறையில் இருக்கிற போனை வேலையாட்கள் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். மூன்றாவது முறை, துணிக்கட்டைச் சுமந்துகொண்டு அந்த வாசல் வழியாகப் போன வெள்ளத்தாய் என்கிற பெண், சத்தம் தாங்காமல் உள்ளே போய் எடுத்தார். பேண்டேஜ் துணியை மடித்து அடுக்குவது அவருக்கு வேலை. அதற்கு முன் டெலிபோனில் பேசியதில்லை.

"ஆரு?"

"பட்டறையில டிராயிங் போடுத பேகம் பேசுதேன் தாயி. ராக்கப்பண்ணன் அங்கன இருக்காரா?"

"கர்டர்ல சங்கிலி மாட்டிக்கிட்டு இருக்காக."

"தூக்க வேண்டாம்னு சொல்லு. தாள்ல நான் போட்ட எடை தப்பு. கர்டர் தாங்காது. ஓடிப் போய்ச் சொல்லு தாயி, நான் இந்தா வாரேன்."

வெள்ளத்தாய் ஓடினார். கொட்டகையில் இருபது தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ராக்கப்பன் கொக்கியை மாட்டிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தட்டைத் தூக்கி நிறுத்தியதும் அதன் அடியில் புகுந்து முளைகளைப் பொருத்த வேண்டிய ஆள் அவரேதான். வெள்ளத்தாய் கத்தினார், கையை ஆட்டினார். ராக்கப்பன் திரும்பிப் பார்த்து, சுமைக்குப் பக்கத்தில் வராதே என்று சைகை காட்டிவிட்டுச் சங்கிலியைப் பிடித்தார்.

வெள்ளத்தாய்க்கு என்ன தோன்றியதோ, நேரே போய்த் தட்டின் மேல் ஏறி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆள் உட்கார்ந்திருக்கிற சுமையை எந்த ஃபிட்டரும் தூக்க மாட்டான். ராக்கப்பன் சங்கிலியை விட்டார். ஒவ்வொரு தறியாக நின்றது. "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா? எந்திரி" என்றார் அவர். "எந்திரிக்க மாட்டேன். எடை தப்பாம். கர்டர் தாங்காதாம். ஒங்க டிராயிங்கக்கா வாராக. அவிய வார வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றார் வெள்ளத்தாய். சூப்பர்வைசர் வந்து, போனைத் தொட்டது யார் என்று சத்தம் போட்டார். "நாந்தான்" என்றார் வெள்ளத்தாய், உட்கார்ந்த இடத்திலிருந்தே. பேகம் வந்த ஆட்டோ வாசலில் நிற்க இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவர் அசையவில்லை.

பேகம் முக்காடு சரிந்து, கையில் கசங்கிய தாளோடு உள்ளே வந்தார். வழியெல்லாம் ஆட்டோவில் என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டுதான் வந்தார். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் பேரைச் சொன்னால் யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் ராக்கப்பன் முன்னால் போய் நின்று, கொட்டகை முழுவதும் கேட்க, "அண்ணே, நான் எழுதுனது தப்பு. நானூத்தி எழுவத்தொம்பது இல்ல, எண்ணூத்திப் பதினெட்டு. தட்டை மாத்துனேன், எடையை மாத்தல. எந்தப்பு" என்றார்.

ராக்கப்பன் தலையைத் தூக்கிக் கர்டரைப் பார்த்தார். பிறகு கொக்கியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"லாரியில ஏத்தயிலயே கனம் கூடன்னு என் கை சொல்லுச்சுக்கா" என்றார். "அஞ்சு ஆளு தள்ள வேண்டியத எட்டு ஆளு தள்ளுனோம். பொறவு தாளைப் பாத்தேன். அக்கா போட்டிருக்காக, நம்ம கைக்குத்தான் வயசாயிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். பேகத்துக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று இன்றைக்கும் சொல்கிறார். வெள்ளத்தாய் அப்போதுதான் தட்டிலிருந்து இறங்கினார். பேகம் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்னக்கா நீங்க, நான் சும்மா ஒக்காந்துதான இருந்தேன்" என்று அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்.

அந்தத் தட்டை மூன்றாம் நாள், கர்டரைத் தொடாமல், தரையிலிருந்து தனியாகக் கால் நட்டுத் தூக்கிப் பொருத்தினார்கள். போனைத் தொட்டதற்காக வெள்ளத்தாயை இரண்டு நாள் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பேகம் அந்த முதலாளி முன்னால் போய் நின்றார். சண்டை போடவில்லை. நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி, "அந்தப் பிள்ளை போனை எடுக்காம இருந்திருந்தா இன்னைக்கு நாம ரெண்டு பேரும் இப்பிடி நின்னு பேச முடியுமா மொதலாளி?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் டெலிபோன் அறைக்கு வெளியே, கொட்டகை வாசலில் ஒரு மரப்பலகைக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. மணி அடித்தால் பக்கத்தில் நிற்பவர் எடுக்கலாம்.

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை பேகம் செட்டியார்பட்டிக்குப் போய்வருகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ கொண்டுபோவார். கடைக்காரர் எடை போட்டுக் கட்டிக் கொடுத்ததைக் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் வெள்ளத்தாய்க்குப் பக்கத்தில் போய் உட்காருவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. "எண்ணூத்திப் பதினெட்டோட உன்னோட நாப்பத்தாறையும் கூட்டணும் தாயி. எண்ணூத்தி அறுவத்தி நாலு" என்று பேகம் சொல்லுவார். "இவிய என்னையும் இரும்போட சேத்துட்டாக" என்று வெள்ளத்தாய் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். தனக்கு யார் எந்த நன்மை செய்தாலும், அதை அல்லாவிடம் சொல்லும்போது இந்தப் பெண்ணின் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வருகிறார் பேகம்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பத்து நாள் அவர் பட்ட பாடு வேறு. எண் எழுதக் கை வரவில்லை. சுப்புராஜ் நல்ல மனுஷர்தான், திட்டவில்லை. தன் வீட்டு மொழியான தெலுங்கில் தனக்குள் ஏதோ முனகிக்கொண்டு, "அந்தக் கட்டத்தையே எடுத்துரும்மா. வாங்குறவுக யாரும் கேக்காத எடைய நாம எதுக்கு எழுதிக் குடுக்கணும்? எழுதாட்டி யாரும் நம்மள ஒண்ணுஞ் சொல்ல முடியாது" என்றார். பேகத்துக்கு அது நியாயமாகவும் பட்டது, பொறுக்கவும் முடியவில்லை. கட்டத்தை எடுத்துவிட்டால் ராக்கப்பன் மறுபடியும் உருப்படியைக் காலால் எத்திப் பார்த்து எடையை ஊகிக்க வேண்டும். எழுதினாலோ, அவர் தன் கையை விட்டுவிட்டுத் தாளை நம்புவார். அதைவிட, இனிமேல் நம்பவே மாட்டாரோ என்கிற பயம்தான் பேகத்துக்குப் பெரிதாக இருந்தது. அதை யாரிடமும் கேட்கவும் முடியாது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய கம்பெனிகளிலிருந்து வருகிற வரைபடங்களில் எல்லாம் எடைக்கு முன்னால் 'அப்ராக்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கும். அதைப் போட்டுவிட்டால், எண் தப்பானாலும் எழுதியவர் மாட்டிக்கொள்ள மாட்டார். பேகமும் அதைப் போட்டார்.

அப்படிப் போட்ட முதல் தாள், ஒரு மில்லுக்குச் செய்த கியர்பாக்ஸின் அடிப்பீடம். தாளை வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாமல் பேகமே எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ராக்கப்பன் பீடத்துக்குப் பக்கத்தில் செயின் பிளாக்கை மாட்டிக்கொண்டு இருந்தார். தாளை வாங்கி விரித்தார். கண் வழக்கம்போல் வலது மூலைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"இது என்னக்கா, நம்பருக்கு முன்னால புதுசா ஒரு எழுத்து?"

"சுமார்னு அர்த்தம்ணே."

"சுமார்னா?"

"முந்நூத்தி இருவத்தாறுக்குக் கொஞ்சம் கூடவும் இருக்கலாம், கொறையவும் இருக்கலாம்."

ராக்கப்பன் யோசித்தார். "எத்தன தடவ கணக்குப் பாத்தீக?"

"நாலு தடவ."

"நாலு தடவையும் எம்புட்டு வந்துச்சு?"

"முந்நூத்தி இருவத்தாறுதான் வந்துச்சு."

வெல்டிங் பக்கமிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பேகம் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். ராக்கப்பன் கொடுக்கவில்லை.

"தப்பா எழுதுன தாளு நான் எம்புட்டோ பாத்திருக்கேங்க்கா. தப்புன்னு தெரிஞ்சு ஆட்டோ பிடிச்சு ஓடியாந்தவிய நீங்க ஒருத்தருதான். நீங்க சுமார்னு போட்டா நான் யாருகிட்டப் போய்க் கேக்க?"

நீட்டிய கையைப் பேகம் மடக்கிக்கொண்டார். ராக்கப்பன் தாளை இரும்புப் பீடத்தின் மேலேயே விரித்து, காற்றில் பறக்காமல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்தார். நுனியை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, எண்ணின் மேல் படாமல், அந்த ஒரு சொல்லை மட்டும் நிதானமாகக் கோடு போட்டு அடித்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து கொக்கியை மாட்டினார்.